நந்தனாரை மறித்தது யார்?

புரட்டாதி மாதத்து உரோகிணியில் திருநாளைப்போவார் நாயனாரின் குருபூசை வருகின்றது. அன்றைய தினத்தை ஒட்டி அவரது வரலாற்றைப் பேச்சாகவோ சிறு நாடகமாகவோ பிள்ளைகள் நிகழ்த்துவது சிட்னியிலும் மெல்பேணிலும் நாம் காணும் வழக்கந்தான். நாடகம் பழக்குபவர்களுக்கு இது வசதியான கதை. நந்தி விலகும் காட்சி உண்டு, நெருப்புக் காட்சி உண்டு, வேடத்துக்கும் அதிக செலவில்லை. ஆனால் ஒத்திகையில் ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் விடாத கேள்வி ஒன்றும் உண்டு. "சாமி ஏன் அவரை நெருப்புக்குள்ளே போகச் சொன்னவர்? கதவைத் திறக்கச் சொல்லி மற்ற ஆக்களுக்குச் சொல்லியிருக்கலாமே?"

இக்கேள்விக்குப் பெரியவர்கள் வழக்கமாகக் கூறும் பதில் "அது அந்தக் காலம்" என்பதாகும். அப்பதில் போதுமா என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய்வோம்.

முதலில் கதையை எடுத்துக்கொள்வோம். கதை ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாடிய பெரிய புராணத்தில் வருபவர் ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்தவர். கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர். அவர் கொடுத்த தோலும் நரம்பும் கோயிலின் உள்ளே ஒலித்தன. அவர் வெளியே நின்றார். தில்லைக்குப் போகவேண்டும் என்ற ஆசை எழும், உடனே தம் பிறப்பை நினைப்பார், ஆசை அடங்கும், மீண்டும் எழும், நாளை போவேன் என்பார். இதிலே அவரைத் தடுக்கும் ஆள் எவரும் இல்லை. ஒருவரும் அவரை அதட்டவில்லை, வாசலில் தடியோடு நிற்கவில்லை. ஊர் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒன்றை அவரும் ஏற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவே.

நாம் இன்று மேடையிற் காண்பது பெரும்பாலும் இந்தக் கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் கதை அது. அங்கேதான் வேதியர் என்ற நிலச்சொந்தக்காரர் வருகின்றார். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லை செல்ல விடை கேட்டால், நாற்பது வேலி நிலத்து அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார். இறைவன் அருளால் ஓர் இரவில் வேலை முடிகின்றது. வேதியர் மனம் மாறி நந்தனின் காலில் விழுகின்றார். சேக்கிழார் சொல்லாத வேதியரைப் பாரதியார் ஏன் படைத்தார்? அவர் வாழ்ந்த மாயவரம் பகுதி நெல் விளையும் பூமி; பண்ணையார்களையும் பண்ணையாட்களையும் அவர் நாள்தோறும் கண்டவர். "நாளை" என்ற சொல்லுக்குப் பின்னால் கூலியும் அடிமைத்தனமும் நிற்பதை அவர் பார்த்தார். பக்திக் கதைக்குள் பொருளாதாரத்தைக் கொண்டுவந்தவர் என்று அவரை எம்மைப் போன்ற கணக்காளர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் சென்றபோது, பிள்ளையவர்கள் உடனே கொடுக்கவில்லை. இலக்கணப் பிழைகளும் பேச்சு வழக்கும் மலிந்திருக்கின்றன என்று தயங்கினார். பின்னர் பாரதியார் பாடக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கின்றார். இந்தத் தயக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் இதே தயக்கம் வேறொரு குரலில் எழுந்தது.

கீர்த்தனை காலட்சேபமாகியது, காலட்சேபம் திரைப்படமாகியது. 1935ஆம் ஆண்டுப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராகவும் தோன்றினர். சுந்தராம்பாளுக்கு இலட்சம் ரூபா ஊதியம் என்று அக்காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. 1942இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். எமது பாட்டன் பாட்டிமார் தலைமுறை இப்பாடல்களைக் கேட்டு அழுதது. உண்மையாகவே அழுதது, அதை நாம் பகிடி பண்ணவில்லை. வேதியர் மீது கோபம் வந்தது, நந்தன் மீது இரக்கம் வந்தது, இறுதியில் எல்லாம் நன்றாக முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வேதியர் ஒருவர் இருந்துவிட்டால், பார்ப்பவருக்குத் தம்மைப்பற்றி யோசிக்கும் தேவை ஏற்படுவதில்லை.

இந்தத் தலைமுறையின் நடுவிலேதான் 1968 வந்தது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில், கடை, பொதுக்கிணறு எங்கும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று கூறியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சிலருக்கு வெளியே வைத்துத் தனிப் போத்தலிலும் தகரக் குவளையிலும் தேநீர் கொடுப்பது தொடர்ந்தது. 1966 முதல் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1968 ஜூலையில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அமர்ந்தனர். அவர்களை எதிர்த்து வாசலில் நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டிலே படித்தவர், இலங்கையின் முதல் தமிழ்க் கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். படிப்புக் குறைந்தவர்கள்தான் சாதி பார்ப்பார்கள் என்று எம்மவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இவரை எங்கே வைப்பது என்பது எமக்கு விளங்கவில்லை.

இக்கோயிலைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்தனர். மாவிட்டபுரமும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. எவர் நுழையலாம், எவர் நுழையக்கூடாது என்று அடிபட்ட அந்த வாசலுக்குப் பல ஆண்டுகள் எந்தச் சாதிக்காரரும் போகமுடியவில்லை.

அறுபதுகளுக்குத் திரும்புவோம். அக்காலத்தில் கோயில் வாசலுக்கும் கிணற்றுக்கும் வெளியே நின்றவர்களே எழுத்தாளராகி எழுதத் தொடங்கினர். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்தவர். அங்கிருந்தே 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், தாமே தெருத்தெருவாகக் கொண்டுசென்று விற்று நடத்தினார். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. கே. டானியல் பட்டறைத் தொழிலாளி. 1972இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். தொடர்ந்து 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' என்று எழுதினார். 1986இல் தஞ்சாவூரில் காலமானார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

இவ்வெழுத்துகளைப் பார்த்து மரபுப் பண்டிதர்கள் கூறிய குறை என்ன? இலக்கணமில்லை, இது இழிசனர் வழக்கு என்றார்கள். நாம் மேலே குறிப்பிட்ட தயக்கம் இதுவேதான். ஒரு சிறு வேறுபாடு: மகாவித்துவான் பாட்டைக் கேட்டபின் மனம் இளகினார். எம்முடைய பண்டிதர்கள் பலர் கேட்கவே விரும்பவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளவிடாததைப்பற்றி ஒருவர் எழுதினால், அவர் சந்திப்பிழை விட்டிருக்கின்றாரா என்று பார்ப்பது எவ்வளவு பாதுகாப்பான வேலை!

மற்றக் குறை இதைவிடக் கனமானது. அதை நாம் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. "உதை இப்ப ஏன் கிளறுவான்?" என்பதே அது. தமிழரின் உரிமைக் கோரிக்கையை மட்டந்தட்ட விரும்பியவர்கள், "உங்களுக்குள்ளேயே நீங்கள் சமமில்லையே" என்று இந்தச் சாதிக் கதைகளை எடுத்துக் காட்டியது உண்மை. 1983க்குப் பின்னர் உயிரே பெரிதாகிவிட்ட காலத்தில், ஒற்றுமையைக் குலைக்கும் பேச்சு வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள் அல்லர். ஆனால் பேச வேண்டிய காலம் எப்போது? போருக்கு முன் அது மரபு, போர்க்காலத்தில் அது ஒற்றுமை, போருக்குப் பின் அது பழைய கதை. நாயனாருடைய "நாளை"யை நாம் இப்படி வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டோம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே வீதியால், ஒரே மழையில், தென்மராட்சி நோக்கி நடந்தோம். நாவற்குழிப் பாலத்தில் எவரும் எவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. நெருக்கத்தில் ஒதுங்க இடமுமில்லை. போய்ச் சேர்ந்து மூன்றாம் நாளே, எந்தக் கிணற்றில் யார் அள்ளுவது என்ற கதை வந்துவிட்டது. வாளியைத் தொடவேண்டாம், நாங்கள் ஊற்றுகின்றோம் என்று ஒரு வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு சொன்னதை நாம் கேட்டோம். அவர் கெட்டவரல்லர். வீட்டில் முப்பது பேருக்கு இடம் கொடுத்தவர்.

கணக்கியல் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கொடுக்கல் வாங்கலைப் பற்றிலும் பதியாமல் வரவிலும் பதியாமல் அடியோடு விட்டுவிட்டால், பரீட்சை மீதி அப்படியே சமப்படும். ஒரு பக்கம் மாத்திரம் பதிந்தாற்றான் பிழை தெரியவரும். எமது சமூகத்தின் வரலாற்று நூல்கள், பாடசாலை மலர்கள், ஊர்ச் சங்க மலர்கள் பலவும் இப்படித்தான் சமப்படுகின்றன. கல்லூரியின் அதிபர் பட்டியல் இருக்கும், கோயில் திருப்பணிக்குக் கொடுத்தவர் பட்டியல் இருக்கும். அக்கோயிலுக்குப் பறை கொட்டியவர், கல்லூரி வாங்கில் இருக்கவிடாமல் நிலத்தில் இருத்தப்பட்டவர் இரண்டு பக்கத்திலும் இல்லை. டானியல் செய்தது ஒரு பக்கத்தில் பதிந்தது. உடனே கணக்குச் சமப்படாமற் போனது; கோபம் வந்தது. அவரது நாவல்களில் குறை இல்லையென்று நாம் கூறவில்லை. அவருடைய நயினார்மார் பலர் தனிக் கறுப்பு நிறத்தவர். வேதியரின் பேரப்பிள்ளைகள் போல வருகின்றனர். ஆயினும் அவர் காட்டிய மற்றப் பக்கத்து மனிதர்கள் நாயன்மார் அல்லர் என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. குடிக்கின்றார்கள், சண்டை பிடிக்கின்றார்கள், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கின்றார்கள், பிறகு சேர்ந்து நிற்கின்றார்கள்.

இது ஏன் முக்கியம்? நந்தனார் தில்லைக்குள் சென்றார். ஆனால் நாயனாராகவே செல்ல முடிந்தது. தீயில் இறங்கி, முனிவர் வடிவும் பூணூலும் பெற்றுச் சென்றார். திருப்புன்கூரில் அடியவருக்காக நந்தி விலகியது. தில்லையில் அடியவர்தான் மாறவேண்டியிருந்தது. சரி, மகானுக்கு வழி பிறந்தது. பிள்ளையின் பெயரில் ஒரு அருச்சனை செய்துவிட்டு வீட்டுக்குப் போக விரும்பும் சாதாரண மனிதருக்கு? அவருக்குப் பாடவும் தெரியாது, பக்தியும் மத்திமந்தான். அவரை உள்ளே விட என்ன தகுதி கேட்போம்? அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய தமது ஆராய்ச்சி நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் என்னும் மூவரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். மூவரும் மகான்கள். மகானாகப் பிறக்காத கோடிக்கணக்கானோருக்காக அவர் எழுதியது அந்த நூலின் உள்ளே இருக்கின்றது.

அவுஸ்திரேலியாவிலும் இதே நிபந்தனையைக் கண்டோம். 2009க்கும் 2013க்கும் இடையில் படகில் வந்த எம்மவரைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எண்ணிக்கையாகவே காட்டின. வரிசையில் நில்லாமல் புகுந்தவர்கள் என்று பெயரிட்டன. குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாலையிற் கொண்டுசென்றபோதுதான் காட்சி மாறியது. அவ்வூர் மக்கள் விடவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் உழைத்த தந்தை, அயலவருக்குக் கறி சமைத்துக் கொடுத்த தாய், அந்த மண்ணிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் என்று அவர்களுக்கு முகம் கொடுத்தார்கள். கிறிஸ்மஸ் தீவு வரை சென்று, 2022 ஜூனில் அக்குடும்பம் ஊர் திரும்பியது. மகிழ்ச்சியான செய்தி, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நல்ல உழைப்பாளி, நல்ல அயலவர், அழகான குழந்தைகள் என்று நிரூபித்த பின்னரே வாசல் திறந்தது. திருமணமாகாத, ஆங்கிலம் தெரியாத, மனம் சோர்ந்து குடிக்கத் தொடங்கிவிட்ட இளைஞன் ஒருவனுக்கு எந்தப் பத்திரிகை முகம் கொடுத்தது? அவனைப்பற்றி எமது கோயில் மண்டபத்திலேயே "இவங்களாலைதான் எங்கடை பேர் கெடுது" என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். சொன்னவரும் ஒரு காலத்தில் அகதியாக விண்ணப்பித்தவரே. விமானத்தில் வந்தவர் என்பது ஒரு சாதியாகிவிட்டது போலும்.

இனி, எமக்கு மிகப் பிடித்த கதைக்கு வருவோம். என். கே. ரகுநாதன் எழுதிய 'நிலவிலே பேசுவோம்'. மிகச் சிறிய கதை. ஊருக்குச் சீர்திருத்தம் பேசும் பெரியவர் ஒருவர். நல்லவர் என்று பெயரெடுத்தவர்; கூட்டங்களில் பேசுபவர். அவரைக் காண ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள் சிலர் வீட்டுக்கு வருகின்றனர். உள்ளே அழைப்பதா என்ற சங்கடம் வருகின்றது. வெளியே நல்ல நிலவு இருக்கின்றது, அங்கே போய்ப் பேசலாம் என்று அவர்களை அழைத்துச் செல்கின்றார். இவ்வளவுதான். அதட்டல் இல்லை, அவமதிப்பு இல்லை. முற்றத்து நிலவை எவர் குறை சொல்ல முடியும்?

இக்கதையில் வேதியர் இல்லை. சேக்கிழார் காட்டியது போலவே இங்கும் தடுக்கும் ஆள் இல்லை. ஆனால் ரகுநாதன் கண்ணாடியை மறுபக்கம் திருப்பிவிட்டார். வெளியே நிற்பவர் மனத்தில் இருக்கும் தயக்கத்தைச் சேக்கிழார் காட்டினார். உள்ளே இருப்பவர் மனத்தில் இருக்கும் தயக்கத்தை இவர் காட்டினார். அந்தப் பெரியவருக்கு வந்தவர்கள் மீது வெறுப்பில்லை. அவர் பயப்படுவது வீட்டாருக்கும் அயலாருக்கும். "ஆக்கள் என்ன சொல்லுவினம்?" இந்த "ஆக்கள்" யார் என்று தேடிப்போனால் எவரும் அகப்படமாட்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார். ஒவ்வொருவரும் மற்றவருக்கு "ஆக்கள்" ஆவார்.

இந்த ஆளில்லாத அதிகாரம் சாதியோடு மாத்திரம் நிற்பதன்று. எஸ். பொன்னுத்துரை 1966இல் வெளியிட்ட 'சடங்கு' நாவலை வாசித்தவர்களுக்கு அது தெரியும். கொழும்பிலே அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து, யாழ்தேவியில் ஊர் வந்து, மனைவி பிள்ளைகளோடு சில நாள் இருந்துவிட்டுத் திரும்பும் ஒருவரின் கதை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற எமது பழமொழிக்கு அமைய வாழ்ந்த ஒரு தலைமுறையின் உள்வீட்டு நெருக்கடி அதில் இருக்கின்றது. நூல் வெளிவந்தபோது ஆபாசம் என்று முகஞ்சுளித்தவர்கள் பலர். எஸ்.பொ. பிற்காலத்தை சிட்னியிலே கழித்து, 2014 நவம்பரில் இங்கேயே காலமானார். எம்மோடு ஒரே நகரத்தில் வாழ்ந்த இவ்வெழுத்தாளரை எத்தனை கோயில் குடும்பங்கள் வாசித்தன என்பது வேறு விடயம்.

எழுதுவினைஞர் வேலை போய்விட்டது. அதன் இடத்தில் வேறு வந்துவிட்டது. சிட்னியிலே பிள்ளை நான்காம் வகுப்புக்கு வருமுன்னரே தேர்வுப் பாடசாலைக்கு ரியூசன் தொடங்குகின்றது. பிள்ளைக்கு விருப்பமா என்று கேட்டால், "எல்லாரும் விடுகினம், நாங்கள் விடாட்டில் பிழையல்லோ" என்பதே பதில். எந்தப் புறநகரில் வீடு, என்ன கார், பிள்ளை மருத்துவமா பொறியியலா என்பதெல்லாம் விசாரிக்கப்படுகின்றன. தொடக்க காலத்தில் பட்டதாரிகள் பலரும் இரவிலே துப்புரவு வேலை செய்தார்கள். ஊருக்கு எழுதும்போது கந்தோரில் வேலை என்று எழுதினார்கள். பொய்யில்லை, கந்தோரைக் கூட்டுவதும் கந்தோர் வேலைதான். அதை மறைக்கும்படி எவரும் கட்டளையிடவில்லை. வெட்கத்தை மாத்திரம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

இங்குள்ள கோயில்களின் வாசலில் எவரும் எவரையும் தடுப்பதில்லை. ஹெலன்ஸ்பேர்க்கிலும் மேஸ் ஹில்லிலும் கரம் டவுன்ஸிலும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று விபூதி வாங்குகின்றோம், ஒரே பந்தியில் அன்னதானம் உண்கின்றோம். இது சிறிய காரியமன்று. 1968இல் வாசலில் அமர்ந்தவர்கள் கேட்டது இதைத்தான். ஆனால் உண்டபின் கைகழுவும் இடத்தில் ஒரு கேள்வி வரும். "நீங்கள் ஊரிலை எவடம்?" ஊர்ப் பெயரைச் சொன்னால் முடிவதில்லை. "அங்கை எவடம்?" கோயிலடியா, சந்தியடியா, எந்த வாசிகசாலைக்குப் பக்கம்? புவியியல் ஆர்வம் என்று நினைத்துவிடக்கூடாது. மலையகத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர் "பதுளை" என்றதும் அடுத்த கேள்வியே வரவில்லை என்றார். கணக்கு அவ்வளவு விரைவாக முடிந்துவிட்டதாம்.

எமது நாவல்கள் தயங்கும் இடத்தில் தயங்காத இலக்கிய வடிவம் ஒன்று உண்டு. அது மணமக்கள் தேவை விளம்பரம். யாழ். இந்து என்று தொடங்கி, குலத்தைச் சொல்லி, உயர் என்று ஒரு அடைமொழியும் சேர்த்து, செவ்வாய் தோஷத்தையும் நிரந்தர வதிவிடத்தையும் ஒரே மூச்சில் கூறிவிடும். "ஆக்கள்" வாய்திறந்து பேசும் ஒரே இடம் அதுதான். வருங்கால ஆராய்ச்சியாளர் எம்மை அறிய விரும்பினால் எமது விழா மலர்களை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை எடுப்பார்.

தமிழ்நாட்டுத் திரைப்படங்கள் அண்மைக் காலத்தில் இவற்றைத் துணிந்து பேசுகின்றன. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தபோது இங்கும் பலர் பார்த்துக் கண்கலங்கினர். அதன் இறுதியில் மேசைமேல் இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே இருக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கும் யாழ்ப்பாணத்தவருக்குச் சங்கானைத் தேநீர்க் கடையின் தகரக் குவளை நினைவுக்கு வரவேண்டும். வருவது குறைவு. "இந்தியாவிலை இன்னும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகின்றோம். கடல் கடந்த கண்ணீருக்கு எப்போதும் செலவு குறைவு.

அப்படியானால் கதைகளால் ஒன்றும் ஆகாதா? அப்படி நாம் எண்ணவில்லை. நந்தனார் கதையைக் கேட்ட சமூகமே வாசலை அடைத்தது என்பது உண்மை. அதே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் அவ்வாசலில் போய் அமர்ந்தார்கள் என்பதும் உண்மை. கதை ஒருவரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று கதை சொல்லப்படுகின்றது என்பதைப் பொறுத்து, கேட்பவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதும் கிடையாததும் உண்டு. வேதியரை மேடையில் ஏற்றினால் சபையோர் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவர். சேக்கிழார் சொன்னபடி, மறிக்கும் ஆளே இல்லாத மேடையில் நாயனாரைத் தனியே நிறுத்திப் பாருங்கள். தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகின்றார். உள்ளே போகவில்லை. சபையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கு எமது ஆலோசனை: இம்முறை வேதியரை விட்டுவிடுங்கள். ஒரு வேடமும் மிச்சம். பிள்ளையின் கேள்வியையும் நாடகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்; ஒரு சிறுமி எழுந்து கேட்கட்டும், மேடையில் எவரும் பதில் சொல்லாமல் இருக்கட்டும்.

வளர்ந்த இளைஞர்களுக்கு வேறொரு நாடகம் இருக்கின்றது. மாவிட்டபுரப் போராட்டத்தைக் கருவாகக் கொண்டு ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'. அம்பலத்தாடிகள் அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியிலே யாழ்ப்பாணத்து ஊர்களில் ஆடினார்கள். மல்லிகை இதழ்களும் டானியலின் நாவல்களும் நூலகம் இணையத்தளத்தில் எவரும் வாசிக்கக்கூடியதாக உள்ளன. தேடினால் மற்றவையும் அகப்படும். முருகப் பெருமானே பாத்திரமாக வரும் கூத்தை முருகன் கோயில் மண்டபம் ஒன்றில் ஆடுவதற்கு அனுமதி கேட்டு இளைஞர்கள் ஒரு கடிதம் எழுதினால், முகாமைக் குழு என்ன பதில் தரும் என்பதை அறிய எமக்கு ஆவலாக இருக்கின்றது. மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடம் விசாலமானது, நல்ல நிலவு நாளாகப் பார்த்து அங்கே ஆடலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும்.